தேசிக்காய்க்கு நுரைத்த மண்

ஊசிமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு இறப்பர் காட்டுக்குள் நின்று, "இது யார் ஒட்டுப் போட்ட மரம்?" என்று கேட்டால், பத்தில் ஏழு மரத்துக்கு விஜயகலா என்றுதான் பதில் வரும். பதினேழு வயதில் நாற்றுமேடைக்குப் போனவள். இப்போது ஐம்பத்தொன்று. கன்றின் பட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு சன்னல் திறந்து, நல்ல மரத்து மொட்டுக் கண்ணை அதற்குள் செருகி, பொலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுவாள். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து நகத்தால் லேசாகக் கீறுவாள். உள்ளே பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. அவள் கட்டிய நூறு ஒட்டில் தொண்ணூறு பிடிக்கும் என்பது றக்வான பட்டணம் வரை தெரிந்த சங்கதி.

அத்தனை மரமும் தோட்டத்துடையவை. அவளுக்கென்று ஒரு மரம் கிடையாது.

ஒரு பலாமரம் வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இந்த ஆசைக்கு நாற்பது வயதாகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், கீரைப் பாத்தியை ஒட்டி, அவளுடைய அப்பா ஒரு பலாக்கொட்டையைப் புதைத்திருந்தார். அது அவள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. அவளுடைய பதினோராவது வயதில் ஒருநாள் கிளாக்கரும் கங்காணியும் கத்தியோடு வந்தார்கள். லயத்துப் பின்புறத்தில் கீரை போடலாம், வாழை போடலாம், மரவள்ளி போடலாம். காலத்துக்கும் நிற்கிற மரம் மட்டும் நடக்கூடாது. மரம் நட்டவன் நாளைக்கு மண்ணைக் கேட்பான் என்று பயம். காட்டை வெட்டி மலை மலையாகத் தேயிலையும் இறப்பரும் நட்ட ஆட்களின் சந்ததி, தன் கதவோரத்தில் ஒரு பலாவை நட்டால் அது குற்றம். அந்தச் சட்டத்தை யார் எங்கே எழுதினார்கள் என்று இன்றுவரை எவரும் காட்டியதில்லை. ஆனால் கத்தி வந்தது.

நெஞ்சுயரத்தில் வெட்டினார்கள். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்தது. ஆட்கள் போனபிறகு அப்பா கிட்டே போய், சாரத்தின் முனையால் அந்தப் பாலைத் துடைத்தார். வழிய வழியத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது விஜயகலாவுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு வீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, ஒரு வீடும் சின்ன முற்றமும் அடங்கும் அளவு. லயத்தை விட்டு இருபத்திரண்டு குடும்பங்கள் இந்தச் சரிவுக்கு வந்தன. எந்தத் தோட்டமாவது நல்ல மலையை ஆட்களுக்குக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? இந்தச் சரிவில் தேயிலை மஞ்சளடித்துக் கிடந்தது. கொழுந்து எடுத்துக் கட்டுபடியாகவில்லை. அதனால்தான் கொடுத்தார்கள். டோசரைக் கொண்டுவந்து மேல்மண்ணை வழித்துப் பள்ளத்தில் தள்ளி, செம்மண்ணைத் தட்டையாக்கி, வீடு கட்டினார்கள். சரிவுக்கு நேர் மேலே, மலையின் முகத்தைக் குடைந்துகொண்டு ஒரு மில் நின்றது. சுண்ணாம்பினத்து டொலமைட் கல்லை உடைத்து அரைத்து மாவாக்கும் மில். காற்று கீழ்நோக்கி வீசுகிற நாளெல்லாம் கூரை, கொடியில் காயும் துணி, நாயின் முதுகு எல்லாம் வெள்ளை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வருஷம், முற்றத்தின் மேற்கு மூலையில் விஜயகலா பலாக்கன்றை நட்டாள். அந்த மூலையை அவள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மரம் பெரிதானால் பின்னேரம் நான்கு மணிக்கு நிழல் எங்கே விழும் என்று வெறுங்காலால் மண்ணில் கோடு கிழித்துப் பார்த்திருந்தாள். பலாக்காய் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை விட்டு வந்து அந்தக் கோட்டுக்குள் ஒரு பலகையைப் போட்டு உட்கார வேண்டும். 'எழும்பு, மலைக்கு நேரமாச்சு' என்று ஒருத்தரும் சொல்ல முடியாத நிழல் அது. இறப்பர் காட்டு நிழலில் அவள் வாழ்நாளில் பாதி போய்விட்டது. ஆனால் அங்கே உட்கார்ந்தால் கங்காணி விசிலடிப்பான்.

கன்று வளரவில்லை.

மூன்று வருஷத்தில் முழங்காலைத் தாண்டவில்லை. இலை விடும், விட்ட இலை எலுமிச்சை நிறத்தில் வெளிறும், ஓரம் கருகி விழும். நாற்றுமேடையில் வாடிய வாழைப்பட்டையாய்க் கிடந்த கன்றையெல்லாம் எழுப்பி நிறுத்தியவளுக்கு, தன் வீட்டு வாசலில் ஒரு பலா மசியவில்லை.

புருஷன் பழனியாண்டி தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய்க்கு வேலியில்லாத மனுஷன். மழை நாளில் அடுப்புப் புகை வீட்டுக்குள் சுற்றுகிறது என்று, முற்றத்து மூலையில் தனியாக ஒரு குசினி இறக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டன. ஏழு பேர்ச்சில் வேறு மூலை ஏது?

"இந்தா கலா, அது மரமா கருவேப்பிலைக் கொத்தா? மூனு வருஷமா ஒரே உசரத்துல நிக்குது. எனக்குக்கூட அதுக்குள்ள தொப்ப வளந்துருச்சு."

"உங்க தொப்பைக்கு நான் உரம் போட்டேன், வளந்துச்சு. இதுக்கும் போடுறேன், வளரும்."

"சரி. தைப்பொங்கல் வரைக்கும் பாப்போம். பச்ச எல ஒன்னு காட்டு, நான் மூலையில கை வைக்க மாட்டேன். இல்லாட்டி கயிறு கட்டி அஸ்திவாரம் வெட்டிருவேன். அப்புறம் அழுவப்படாது."

"பொங்கலுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு."

"அதுவுந்தான் கெடக்கு. மூனு வருஷமா."

அவர் கேலி பேசினாலும் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். அன்று கன்றின் தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. உயிர் இருக்கிறது, ஆனால் எழும்ப மாட்டேன் என்கிறது.

அவள் சும்மா இருந்தவள் இல்லை. நாற்றுமேடையில் அவளுக்கு வேலை பழக்கிய நாளிலிருந்தே ஒரு விதி: நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சளடித்தால் டொலமைட் போடு. தோட்டத்து மண் புளிப்பு மண். மழை கழுவிக் கழுவி மக்னீசியம் ஓடிவிடும். ஒரு கரண்டி வெள்ளை மாவைக் கன்றைச் சுற்றித் தூவினால் இரண்டு மாதத்தில் இலை கரும்பச்சையாகும். முப்பத்துநாலு வருஷம் கைகண்ட மருந்து. அதைத்தான் பலாவுக்கும் போட்டாள். கங்காணியிடம் சொல்லி நாற்றுமேடையிலிருந்து சிறிய டின்னில் கொண்டுவந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாள். இலையில் மில் தூசி படிந்தால் இலை மூச்சு விட முடியாது, வெயிலைக் குடிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வாளித் தண்ணீரில் இலை இலையாகக் கழுவிவிட்டாள். பால் போன்ற தண்ணீர் அடியில் ஊறி மறையும். பிள்ளையைக் குளிப்பாட்டி வைத்த நிம்மதியோடு உள்ளே போவாள்.

பக்கத்து வீட்டு மூக்காயி வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊருக்கெல்லாம் திருஷ்டி கழிப்பவள் அவள்தான்.

"ஏ புள்ள, நீ தண்ணி ஊத்தி, மாவு போட்டு என்னா செய்ய? இது கண்ணுபட்டது. எங்க வீட்டு மாதுள பட்டுப்போச்சு, ராசாத்தி வீட்டு முருங்க பட்டுப்போச்சு. இந்த லைன்ல எவளோ ஒருத்திக்குப் பொல்லாத கண்ணு."

"லைன்ல உள்ள மரமெல்லாம் பட்டுப்போச்சுன்னா அவ தன்னோட மரத்தையும் பாத்துக்கிட்டாளாக்கும்?"

"இந்தக் குத்தல் பேச்சுக்குத்தான்டி உனக்கு ஒன்னும் வெளங்கல."

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் மூக்காயி கேட்காமலே வந்துவிட்டாள். கையில் ஒரு தேசிக்காய், நல்ல புளிப்பு எலுமிச்சை. கன்றை மூன்று சுற்றுச் சுற்றி, தேசிக்காயைக் காலால் மிதித்து நசுக்கி, சாற்றைக் கன்றின் அடியில் பிழிந்தாள். விஜயகலா வாளியோடு நின்று பார்த்தாள். தடுத்தால் மனம் நோகும். ஒரு தேசிக்காய்தானே, போகட்டும் என்று விட்டாள்.

சாறு விழுந்த இடத்தில் மண் பொருபொருவென்று நுரைத்தது.

"ஆத்தாடி! பாத்தியா? நுரை தள்ளுது! உள்ளுக்குள்ள இருந்தது வெளிய வருது! நான் சொன்னேன்ல?" மூக்காயி இரண்டடி பின்னால் போனாள்.

விஜயகலா வாளியை வைத்துவிட்டுக் குந்தினாள். சின்னச் சின்னக் குமிழிகள். மண்மேல் ஏடாகக் கிடந்த வெள்ளைப் பூச்சில்தான் எழும்பின. கன்றுக்கு நாலடி தள்ளி, தான் டொலமைட் போடாத இடத்தில், மூக்காயி கையிலிருந்த காயை வாங்கி எஞ்சியிருந்த சாற்றைப் பிழிந்தாள். அங்கேயும் நுரைத்தது. நிமிர்ந்து மில்லைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொரு தேசிக்கா இருக்கா?"

"ஒரு கண்ணுக்கு ஒன்னு போதும்டி."

"கண்ணுக்கு இல்ல. நர்சரிக்கு."

மறுநாள் காலை நாற்றுமேடைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு கன்றுப் பையின் மண்ணில் பாதித் தேசிக்காயைப் பிழிந்தாள். சாறு ஊறியது, ஒரு குமிழிகூட எழவில்லை. நாற்றுமேடை மலைக்கு அந்தப் பக்கம். மில் தூசி அங்கே வராது. மற்றப் பாதியை எடுத்துப்போய், உரக் கொட்டிலில் வாய்கட்டிக் கிடந்த டொலமைட் மூட்டையை அவிழ்த்து, ஒரு சிட்டிகை மாவில் பிழிந்தாள். அதே நுரை, அதே பொருபொருப்பு. மூட்டைக்கு எவள் கண் பட்டதாம்?

அப்போதுதான் இன்னொன்றும் அவள் மண்டையில் உறைத்தது. நாற்றுமேடையில் மக்னீசியம் குறைந்த கன்றுக்குக் கீழே உள்ள முற்றிய இலைதான் முதலில் மஞ்சளடிக்கும். பலாவுக்கு மஞ்சளடித்தது உச்சியில் விட்ட இளந்தளிர். கீழ் இலை பச்சையாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தும் அவள் பார்க்கவில்லை. மஞ்சள் என்று பார்த்தாள். எந்த இலை மஞ்சள் என்று பார்க்கவில்லை. முப்பத்துநாலு வருஷ அனுபவமே கண்ணைக் கட்டிவிட்டது. வானத்திலிருந்து மூட்டை மூட்டையாக விழுந்துகொண்டிருந்ததையே அவள் கரண்டி கரண்டியாக ஊட்டியிருக்கிறாள். இலையில் விழுந்த மிச்சத்தையும் கழுவிக் கழுவி வேருக்கு அனுப்பியிருக்கிறாள்.

அன்று அவள் ஒட்டுக் கட்டிய கன்றுகள் குறைவு. கங்காணி ஏன் என்று கேட்டான். "கண்ணு சரியாத் தெரியல" என்றாள்.

அடுத்த திங்கள் சம்பளமில்லா லீவு போட்டு, இரண்டு பையில் மண்ணும் மூக்காயி தந்த நாலு தேசிக்காயும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நகரத்து அலுவலகத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர் சிவனேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பெண், மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்.

"இதென்னம்மா, சந்தைக்குப் போற மாதிரித் தேசிக்காயெல்லாம் கொண்டு வந்திருக்கிறியள்?"

"மிஸ், நீங்களே புழிஞ்சு பாருங்க. இது எங்க முத்தத்து மண்ணு, அது நர்சரி மண்ணு."

சிவனேஸ்வரி பிழிந்தார். ஒன்று நுரைத்தது, மற்றது சும்மா இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அலமாரியிலிருந்து மண்ணின் புளிப்பை அளக்கும் ஒரு சிறிய கருவியை எடுத்து, இரண்டு மண்ணையும் தண்ணீரில் கரைத்து, அதை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"நேர்சரி மண் அஞ்சு, நல்ல புளிப்பு. உங்கட முத்தம் எட்டுக்குக் கிட்ட, புளிப்பே இல்லை. என்ன பசளை போட்டனீங்கள்?"

விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள். "டொலமைட், மிஸ்."

"எவ்வளவு காலமா?"

"மூனு வருஷமா."

போதனாசிரியர் திட்டவில்லை. "அம்மா, மரத்துக்கு இரும்புச் சத்து வேணும். உங்கட செம்மண்ணில இரும்பு நிறையக் கிடக்கு. ஆனா மண் இப்பிடி மாறினாப் பிறகு வேரால அதை எடுக்க ஏலாது. பானை நிறையச் சோறு. மூடி மட்டும் திறக்குதில்லை. அதுதான் தளிர் வெளிறுது. அந்த மண்ணை அள்ளி வெளியில போட்டிட்டு, இலைமக்கு உள்ள புளிப்பு மண் போடுங்கோ. இலையைக் கழுவேக்க அந்தத் தண்ணி வேருக்குப் போக விடாதேங்கோ."

"மேல மில்லுல இருந்து தூசி கொட்டிக்கிட்டே இருந்தா?"

சிவனேஸ்வரி ஒரு முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தார். பெயர், முகவரி, பாதிப்பின் விபரம் எல்லாம் எழுதினார். பிறகு பேனை நின்றது.

"காணி உறுதி இலக்கம்?"

"உறுதிப் பத்திரம் இல்லீங்க மிஸ். தோட்டத்துல குடுத்த கடுதாசி ஒன்னு இருக்கு. உறுதி வரும் வரும்னு ஆறு வருஷமாச் சொல்றாங்க."

"உறுதி இல்லாட்டி, பாதிக்கப்பட்ட காணிக்காரர் எண்டு போட ஏலாதே."

விஜயகலா படிவத்தில் உறுதி இலக்கத்துக்கென்று விட்டிருந்த கட்டத்தைப் பார்த்தாள். ஒரு விரல் அகலம் இருக்கும்.

"எங்கப்பா ஒரு பலா நட்டாரு, மிஸ். மரம் இருந்தாக் காணி கேப்பாங்கன்னு வெட்டுனாங்க. இப்ப நான் நட்டிருக்கேன். காணி இல்ல, அதனால மரமும் ஒன்னோடது இல்லன்னு சொல்றாங்க. அப்ப எங்களுக்கு எதுங்க மொதல்ல வரணும்?"

அந்தக் கேள்விக்கு அந்த மாகாணத்தில் எந்த மேசையிலும் பதில் இல்லை. "அதை வெறுமையா விடுங்கோ," என்றார் சிவனேஸ்வரி. "மண் அளவை நான் கையெழுத்து வைச்சு இணைச்சு விடுறன். தனி ஒராளா வராம, எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து போட்டியளெண்டால் தூக்கி எறியிறது கஷ்டம்."

அதன் பிறகு மூக்காயியின் தேசிக்காய்களுக்கு வேறு வேலை வந்தது. இருபத்திரண்டு வீட்டு முற்றத்திலும் பிழிந்தார்கள்; இருபத்திரண்டும் நுரைத்தன. ஆரம்பத்தில் மூக்காயி, "எல்லாத்துக்கும் ஒரே கண்ணு" என்றாள். பத்தாவது வீடு தாண்டியதும் மேலே கையைக் காட்டி, "அந்தா இருக்கு பொல்லாத கண்ணு" என்று மில்லைச் சொல்ல ஆரம்பித்தாள். தன் மாதுளையையும் படிவத்தில் எழுதச் சொன்னாள். செத்துப்போன மரத்தை எழுதலாமா என்று யாரோ கேட்டதற்கு, "செத்ததைத்தான்யா மொதல்ல எழுதணும்" என்றாள். உறுதி இலக்கம் என்ற கட்டம் இருபத்திரண்டு படிவத்திலும் வெறுமையாகப் போனது.

வேலை அதோடு முடியவில்லை. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயகலா கன்றைச் சுற்றிக் குழி வெட்டினாள். வேர் பிடித்த மண்ணை மட்டும் விட்டுவிட்டு, வெளுத்த மண்ணை முழங்கையாழத்துக்கு அள்ளி ரோட்டோரம் கொட்டினாள். இறப்பர் காட்டில் தரையை மூடிப் படரும் மூடுகொடிக்கு அடியில் இலை மக்கிக் கறுத்த மண் இருக்கும். அதை உரப்பையில் கட்டித் தலையில் சுமந்து வந்தாள். மூன்றாவது நடையில் பழனியாண்டி எதிரே வந்து, பையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒன்னும் மனசு மாறல," என்றார் பாதி வழியில். "நீ விழுந்து கிழுந்து தொலச்சா ஆஸ்பத்திரிக்கு அலையணுமே, அதுக்குத்தான்."

"நான் ஒன்னும் கேக்கலயே."

"கேப்ப. உன் மொகத்துல எழுதியிருக்கு."

அன்றிலிருந்து இலை கழுவுவதற்கு முன்னால் கன்றின் அடியில் ஒரு பொலித்தீன் விரிப்பை விரித்தாள். வெள்ளைத் தண்ணீர் விரிப்பில் வழிந்து வடிகானுக்குப் போனது. டொலமைட் டின் நாற்றுமேடைக்குத் திரும்பிப் போனது. கார்த்திகை போனது. மார்கழியும் பிறந்தது. கன்று அப்படியே நின்றது. ஒவ்வொரு காலையும் மலைக்குப் போகுமுன் உச்சியைத் தொட்டுப் பார்ப்பாள். உச்சி மூடியே இருந்தது. வேலையிலும் மனம் அங்கேயேதான். பிறத்தியாருடைய மரத்தின் பட்டையில் கத்தி வைக்கும்போதெல்லாம், தன் மரம் பிழைக்குமா என்று நினைத்துக்கொள்வாள். அப்பா நட்ட பலா இன்று நின்றிருந்தால் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் பெரிய நிழலை நாற்பது வருஷமாக அவள் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிகிறாள். இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

மார்கழி நடுவில் மில் ஓசை நின்றது. அதிகாரிகள் வந்தார்கள் என்றார்கள். இயந்திரம் பழுது என்றார்கள். பதினைந்து நாள் நின்றது. இடையில் நல்ல மழையும் பெய்தது. மலை இந்த நிறமா என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

தைப்பொங்கலுக்கு முந்திய நாள் பின்னேரம் அவள் வேலை விட்டு வந்து உச்சியைத் தொட்டாள். மொட்டுறை விரிந்து, உள்ளே சுருட்டிய ஓர் இலை. இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. வெளிறவில்லை. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். நரம்பும் பச்சை, நரம்புக்கு நடுவிலும் பச்சை.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. அங்கேயே குந்தியிருந்தாள்.

பொங்கலன்று காலையில் பழனியாண்டி கயிறும் முளைக்கட்டைகளும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அடுப்படியில் நின்ற விஜயகலாவுக்குக் கை ஓடவில்லை. காட்டட்டுமா, கேட்கட்டும் என்று விடட்டுமா? அவர் கன்றுக்குக் கிட்டே போய்க் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெகுநேரம் குனிந்தே நின்றார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுச் சுவர்ப் பக்கமாக ஐந்தடி நகர்ந்து முதல் முளையை அடித்தார்.

"குசினி கொஞ்சம் சின்னதாத்தான் வரும்," என்று சத்தமாகச் சொன்னார். "சமைக்கிறவ ஒடம்பக் கொறச்சுக்கணும்."

"சாப்பிடுறவரு மொதல்ல கொறைக்கட்டும்," என்றாள் அவள்.

பானை பொங்கி முடிந்த நேரத்தில் மேலே மில் இரைய ஆரம்பித்தது. பொங்கலுக்குக்கூட லீவு இல்லை. முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் அந்த விரல் அகலக் கட்டத்தைத்தான் கேட்பார்கள். சிவனேஸ்வரியிடம் இன்னொரு முறை போக வேண்டும். இந்த முறை இருபத்திரண்டு வீட்டாரும் பஸ் ஏறுவதாகப் பேசியிருக்கிறார்கள். ஒரு பலா காய்ப்பதற்கு இன்னும் ஆறேழு வருஷமாவது ஆகும். நிழல் அந்தக் கோட்டைத் தொடுவதற்கு அதைவிடக் கூடுதலாக ஆகும். அவளுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும்.

பின்னேரம் நான்கு மணிக்கு அவள் ஒரு பலகையை எடுத்துப்போய், அன்றைக்குக் கோடு கிழித்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். நல்ல வெயில். கன்றின் நிழல் அவள் பாதத்தின் பெருவிரல் வரைதான் வந்தது. புது இலையில் மெல்லிய வெள்ளை படிந்திருந்தது. வாளி எடுக்க எழும்ப மனமில்லை. குனிந்து, சேலை முந்தானையால் அதை மெதுவாகத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் படிந்தது. மறுபடியும் துடைத்தாள்.